உட்கார்ந்தால் போதும்

"சைக்கிள் ஓட்டுச்சு. இவன் உக்காந்திருந்தான்."

ராமலிங்கம் இதைச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காட்டுப் பாதையில் ஓட்டிவிட்டு, காலெல்லாம் மண் அப்பியபடி தேக்கா சந்தையில் வந்து உட்கார்வார்கள். முதல் வாய்ப் பரோட்டா உள்ளே போவதற்குள் அவர் வாயிலிருந்து இது வெளியே வந்துவிடும். சொல்வது மனைவி லீலாவின் தம்பி ரகுபதியைப் பற்றி. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். நேருக்கு நேர் திட்டினால் திருப்பித் திட்டலாம். அடுத்தவரிடம் சொல்வதற்கு என்ன பதில் சொல்வது? சிரிக்கத்தான் வேண்டும். ரகுபதி சிரித்தான். கல்யாணமாகி, தலை நரைத்து, மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பிறகும் சிரித்துக்கொண்டேயிருந்தான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 'ரகு நல்லா ஓட்டுறான்' என்று அந்த மனுஷன் வாயால் ஒரு தரம், நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும்.

இந்த ஏக்கம் முளைத்தது தொண்ணூறுகளில். மலைச் சைக்கிள் என்று ஒன்று அப்போதுதான் ஊருக்குள் பரவிக்கொண்டிருந்தது. தடித்த டயர், இரும்புச் சட்டம், அவ்வளவுதான். ஸ்பிரிங் என்று பேருக்குக்கூட எதுவும் கிடையாது. கல்லில் ஏறினால் கல் நேராக மண்டைக்கு வரும். ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ராமலிங்கத்துக்குத் தோளும் கையும் இரும்பைவிட இரும்பு. புக்கித் தீமா பக்கம் நடந்த ஒரு போட்டியில் கோப்பை வாங்கிவந்தார். அந்தச் சூட்டோடு புது மச்சினனையும் கூட்டிப்போய், தன் வண்டியில் ஏற்றி, மேட்டிலிருந்து முதுகில் கைவைத்து "போடா" என்று தள்ளிவிட்டார். ரகுபதி ஒரு வேரில் மோதிப் பறந்தான். தோளெலும்பும் முன்பற்கள் இரண்டும் போயின.

எலும்பு கூடிவிட்டது. கதைதான் ஓயவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி ராமலிங்கம் எழுந்து நின்று, ரகுபதி எப்படிப் பறந்தான், எப்படி விழுந்தான், 'அம்மா'வுக்குப் பதிலாக 'அக்கா' என்று எப்படிக் கத்தினான் என்று நடித்துக் காட்டுவார். ரகுபதியின் கல்யாண விருந்தில் மைக்கை வாங்கியே சொன்னார்:

"பொண்ணு வீட்டுக்காரங்க பின்னால வந்து எங்களைக் கேக்கக்கூடாது பாருங்க. மாப்பிள்ளைக்கு முன்பல்லு ரெண்டும் பீங்கான்!"

மண்டபமே சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள். அவள்தான் ரொம்ப நேரம் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ரகுபதி வெறி பிடித்தவன் மாதிரி ஓட்டக் கற்றுக்கொண்டான். மழையில் ஓட்டினான், காய்ச்சலில் ஓட்டினான். முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த வண்டி வந்த புதிதில் ஒன்றை வாங்கி, தன்னைக் கவிழ்த்த அதே மேட்டிலிருந்து கால் ஊன்றாமல் இறங்கி வந்தான். கீழே ராமலிங்கம் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"முன்னால மெத்தை கட்டிக்கிட்டு வந்திருக்கான். கைக்குழந்தையை உக்கார வச்சாலும் வரும்."

சரி என்று ரகுபதி இன்னும் கடினமான பாதைக்குப் போனான். அதற்குள் பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வந்துவிட்டது.

"சோபா செட்டு! டிவி ஒண்ணுதான் பாக்கி."

சக்கரம் பெரிதானது. முன்பு தடுக்கிவிட்ட கல்லின் மேலெல்லாம் வண்டி ஏறி உருண்டு போயிற்று. "மாட்டுவண்டிச் சக்கரம்டா இது. மாடு எங்க? அட, மேல உக்காந்திருக்கே!" பிறகு கைப்பிடியில் ஒரு விசையைத் தட்டினால் சீட் தானே கீழே இறங்கும் வசதி வந்தது. "பாரு, அடுக்குமாடி புளோக்குல இருக்கிற மாதிரி லிஃப்ட் வச்சிருக்கான்." முன்னால் மூன்றாக இருந்த பல்சக்கரம் ஒன்றானது. கியர் மாற்றும் கம்பி போய் பேட்டரி வந்தது. அன்றைக்கு ராமலிங்கம் பரோட்டாவைப் பிய்த்தபடி மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"கியருக்குச் சார்ஜ் போடுறான். அடுத்த வருஷம் இவனை வீட்டுல விட்டுட்டு வண்டி மட்டும் வரும். நமக்கும் தொல்லை இருக்காது."

வண்டி ஒரு படி ஏறும்போதெல்லாம் ரகுபதி ஒரு படி இறங்கினான். முன்பு விழுந்த இடத்தில் இப்போது விழாவிட்டால் அது சக்கரத்தின் புண்ணியம். வளைவில் வேகமாகத் திரும்பினால் டயரின் புண்ணியம். அவன் பட்ட பாட்டை எல்லாம் ஏதோ ஒரு நாட்டுத் தொழிற்சாலைக்காரன் கணக்கில் எழுதிவிட்டு ராமலிங்கம் தேநீர் குடித்தார். அவரோ தன் பழைய இரும்பு வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். புது வண்டியைக் கொடுத்தால்கூடத் தொடமாட்டார். "அடுத்தவன் சோபாவுல நான் உக்கார்றதில்ல."

போன மாதம் ஒரு ஞாயிறு, அதே மேசை. டன்லப் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு ரகு எறங்குனதைப் பாத்தீங்களாண்ணே? தண்ணி மாதிரி வந்தான்."

"சைக்கிள் வந்துச்சு பாய். இவன் உக்காந்திருந்தான்."

ரகுபதி சிரிக்கவில்லை. குவளையைக் கீழே வைத்தான்.

"சைக்கிள்தானே ஓட்டுது அத்தான்? அப்ப நீங்க என் வண்டில உக்காருங்க. நான் உங்க வண்டில வர்றேன். உபின் தீவுல, கும்பிடுசாமி இறக்கத்துல."

பாறையும் வேருமாகச் செங்குத்தாக இறங்கும் அந்த இடத்துக்கு இவர்கள் வைத்த பெயர் அது. மேலே நின்று எட்டிப் பார்க்கும் எவனும் ஒரு கும்பிடு போடாமல் இறங்கியதில்லை.

"யா அல்லா! அண்ணனோட வண்டியிலயா?" என்றார் ஹமீது. "அதுல இன்னைக்கு பிரேக் பிடிச்சா அடுத்த வாரம்தான்லா நிக்கும்!"

"பிடிக்கிறவன் பிடிச்சா நிக்கும்," என்றார் ராமலிங்கம். "இவன் என் வண்டில வந்தா, வண்டி மொதல்ல வரும். இவன் பின்னால பார்சல்ல வருவான்."

"கால் ஊனாம வந்துட்டா?"

ராமலிங்கம் முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வந்துட்டா சொல்றேன்டா. நாலு பேர் முன்னால. ரகு நல்லா ஓட்டுறான்னு என் வாயால சொல்றேன். பாய் சாட்சி. போதுமா?"

அன்று இரவு முழுவதும் ரகுபதி விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே படுத்திருந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரு விஷயம் ராமலிங்கத்துக்குத் தெரியாது. பழைய வண்டியின் பிரேக், கம்பியை இழுத்து ரப்பர்க் கட்டையைச் சக்கரத்தில் தேய்ப்பது. நாலு விரலையும் போட்டு, பட்டறையில் இரும்பு நெரித்த கையால் நெரித்தால்தான் வேகம் தணியும். புது வண்டியில் எண்ணெய் அழுத்தத்தில் வட்டத் தட்டைக் கவ்வும் பிரேக். ஒற்றை விரல் போதும். அதுவும் தொட்டால் போதும். நாலு விரலால் நெரித்தால் முன்சக்கரம் பாறையில் அறைந்த ஆணி மாதிரி நின்றுவிடும். மேலே இருப்பவன் நிற்கமாட்டான்.

சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். அதில் பொய்யில்லை.

அடுத்த ஞாயிறு, சாங்கியிலிருந்து உபினுக்குப் போகும் படகில், சைக்கிள்களுக்கு நடுவே லீலாவும் உட்கார்ந்திருந்தாள். அவள் இதற்கெல்லாம் வருகிறவள் இல்லை.

"என்னக்கா, நீயுமா?"

"நீ விழறதை வீடியோ எடுக்கணுமாம். அத்தான் உத்தரவு." பிறகு என்ஜின் சத்தத்தில் கணவர் காதுக்குப் போகாதபடி குனிந்தாள். "ரகு, அவருக்கு உன் வண்டி பழக்கமில்ல. வயசும் அறுபத்தஞ்சு ஆவுது. எது எது எப்படின்னு சொல்லிக் குடுத்துட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

மேலே போய்ச் சொல்லத்தானே போகிறோம், இப்போது சொன்னால் என்ன, அப்போது சொன்னால் என்ன என்று நினைத்துக்கொண்டான்.

லீலாவும் ஹமீதும் கீழே, இறக்கம் முடியும் இடத்தில் நின்றுகொண்டார்கள். மேலே மச்சானும் மச்சினனும் மட்டும். வண்டி கைமாறியது. ராமலிங்கம் புது வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா, உள்ள ஒண்ணுமே இல்லையா? காத்தடைச்ச பலூன் மாதிரி இருக்கு."

"அத்தான், அந்த பிரேக்கு இருக்கு பாருங்க..."

"டேய்! நான் பிரேக் பிடிக்கக் கத்துக்கிட்டப்ப நீ மூக்கு ஒழுகிக்கிட்டு அக்கா பாவாடையைப் பிடிச்சு நின்னவன். எனக்குச் சொல்ல வந்துட்டான், பீங்கான் பல்லு!"

ரகுபதி வாயை மூடிக்கொண்டான். மூடியதும் உள்ளே இனித்தது.

ராமலிங்கம் சீட்டில் ஏறி, விசையைத் தட்டிப் பார்த்தார். சீட் சட்டென்று கீழே போக, அவரும் கூடவே போய், பதறிக் காலை ஊன்றினார். யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். யாருமில்லை. அப்போது அவர் குரல் இறங்கியது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை ரகுபதி கேட்டதில்லை.

"ரகு, வேற எதாவது இருக்காடா? நான் பாத்துக்க வேண்டியது?"

ஒரு விரல். இரண்டே சொல். ரகுபதி அவர் கைகளைப் பார்த்தான். எட்டு விரல்களும் இரண்டு பக்கமும் பிரேக்கின் மேல் பழக்கப்படி ஏறி உட்கார்ந்திருந்தன.

"ஒண்ணுமில்ல அத்தான். உக்காந்தா போதும். அதுவே ஓட்டும்."

சொல்லிவிட்டு, ஒரு கும்பிடு போட்டு, பழைய வண்டியில் இறங்கினான்.

அது வண்டியே இல்லை, உரல். முதல் பாறையிலேயே பல்லோடு பல் மோதியது. கைப்பிடி உள்ளங்கையில் தோலை உரித்தது. உயர்ந்தே நின்ற சீட் அவன் வயிற்றில் குத்திக் குத்தித் தள்ளியது. நாலு விரலால் நெரித்தும் சக்கரம் 'யாரோ கூப்பிட்டாங்க' என்பது போல நிதானமாகத்தான் கேட்டது. வேரைப் பார்த்தான், சுற்றிப் போனான். பாறை விளிம்பில் உடம்பைப் பின்னால் எறிந்தான். இரண்டாம் வளைவில் கால் தரைக்குப் போகப் பார்த்தது. போகவிடவில்லை. மூச்சு இருந்ததா இல்லையா என்று தெரியாமல் கீழே வந்து, சமதரையில் வண்டியை நிறுத்தினான். விரல்களை விரிக்க முடியவில்லை.

"வந்துட்டான்! ஊனலை! நான் சாட்சிலா!" ஹமீது அவன் முதுகில் ஓங்கி அறைந்தார். லீலா போனைப் பிடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்தது அத்தான்," என்றான் ரகுபதி.

மேலே ராமலிங்கம் தலை தெரிந்தது. கும்பிடு போட்டாரா என்று தெரியவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. முன்னும் பின்னும் அமுங்கி எழுந்து, பாறையைப் பஞ்சாக்கிக்கொண்டு வந்தது. பாதி இறக்கத்தில் அவர் கத்தினார். பயத்தில் இல்லை.

"டேய் ரகு! என்ன வண்டிடா இது! பறக்குதுடா!"

சின்னப் பிள்ளையின் சிரிப்பு அந்தக் கத்தலில் இருந்தது. அப்போதாவது ரகுபதி 'ஒரு விரல்!' என்று கூவியிருக்கலாம். காதுக்கு எட்டும் தூரம்தான். அவன் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு நின்றான்.

வளைவு வந்தது. எட்டு விரலும் ஒன்றாக நெரித்தன.

சத்தம் பெரிதாக இல்லை. சாக்கு மூட்டையை லாரியிலிருந்து இறக்குவது போல ஒன்று, அதன் பிறகு குச்சி ஒடிவது போல ஒன்று. லீலா போனைப் போட்டுவிட்டு ஓடினாள். ரகுபதியும் ஓடினான். ஓடும்போது அவன் கண் முதலில் போனது வண்டிக்கு. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

ராமலிங்கம் பாறைமேல் குப்புறக் கிடந்தார். புரட்டியபோது இரண்டு கைகளும் மணிக்கட்டுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா..." என்று ரகுபதி ஏதோ தொடங்கினான்.

"தண்ணி குடு," என்றாள் லீலா. அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் அவனிடம் பேசவில்லை.

மணிக்கட்டுகள் இரண்டு, தோள் ஒன்று, விலா எலும்புகள் சில. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து முறுக்கினார்கள். எலும்பு கூடும், ஆனால் இறுக்கிப் பிடிக்கும் வலு இந்தக் கைகளுக்குத் திரும்பாது. இனி சைக்கிள் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புக்கித் பஞ்சாங் வீட்டுக்கு வந்தபோது இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. லீலா ஊட்டினால்தான் கஞ்சி.

அவரைப் பார்க்க ஹமீது பழத்தோடு வந்த அன்று ரகுபதியும் வந்தான். வராமல் இருக்க முடியவில்லை. அவனுக்கு வரவேண்டியது ஒன்று இன்னும் வந்து சேரவில்லை. கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். லீலா கரண்டியோடு ஓரத்தில் இருந்தாள். பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்தது.

"அண்ணே, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக்கூடாது," என்றார் ஹமீது. "நீங்க வாக்கு குடுத்தீங்க. ரகு கால் ஊனலை. என் கண்ணால பாத்தேன்."

ரகுபதி தரையைப் பார்த்தான். நெஞ்சு அடித்தது. ஐம்பத்து நாலு வயசு மனுஷனுக்குப் பரீட்சை முடிவு வாங்கப் போகும் பையனைப் போல அடித்தது.

ராமலிங்கம் கஞ்சியை விழுங்கினார்.

"வந்தான், வந்தான். வராம? அது யார் வண்டி? என் வண்டி பாய்! அந்தக் காட்டை அதுக்கு நான் பழக்கி வச்சிருக்கேன். வீட்டுக்குத் திரும்புற எருமை மாதிரி. மேல யாரு உக்காந்திருந்தாலும் கொண்டாந்து சேத்துடும்."

ஹமீது சங்கடமாகச் சிரித்தார். ராமலிங்கம் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"அந்தப் புது வண்டி இருக்கே, அதுதான் வண்டி! அது மாதிரி ஒண்ணு அன்னைக்கு என் கையில இருந்திருந்தா நான் இருந்திருக்க வேண்டிய இடமே வேற. வேகம் தாங்காம அதுவே என்னைத் தூக்கிப் போட்டுருச்சு. என்ன சக்தி!"

ரகுபதி எழுந்தான். எழுந்தது அவனுக்கே தெரியவில்லை.

"வண்டி உங்களைத் தூக்கிப் போடலை அத்தான்."

"பின்ன?"

"நான் போட்டேன்."

கரண்டி கிண்ணத்தில் முட்டும் சத்தம் நின்றது.

"அந்த பிரேக்குக்கு ஒரு விரல்தான் போடணும். நாலு விரல் போட்டா முன்சக்கரம் நின்னுடும், ஆள் பறந்துடுவாரு. எனக்குத் தெரியும். உங்க விரலையும் பாத்தேன். நீங்க வாயைத் திறந்து கேட்டீங்க. நான் சொல்லலை. தெரிஞ்சேதான் சொல்லலை." அவன் குரல் உடைந்து ஏறியது. "சைக்கிள் இல்ல. நான். நான் செஞ்சேன்."

ராமலிங்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். விலா வலித்தது, முகம் சுளித்துக்கொண்டே சிரித்தார்.

"கேட்டீங்களா பாய்! என்னைக் கவுத்தது இவனாம்! டேய், ஒருத்தனைக் கவுக்கணும்னா அதுக்கும் ஒரு நெஞ்சு வேணும்டா. உனக்கு ஏது? மறந்து தொலைச்சிருப்ப, இல்ல பயத்துல வாயைத் திறக்காம இருந்திருப்ப. இப்ப வந்து பெருமைக்குச் சொல்றான்! வண்டி தள்ளுச்சு, நான் விழுந்தேன். இதுல நீ எங்கடா வந்த?"

ஹமீது சிரிக்கவில்லை. மணியைப் பார்த்து, கடையில் ஆள் இல்லை என்று முனகி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ரகுபதியின் முகத்தைப் பார்க்காமலே போனார்.

லீலா கணவரின் வாயைத் துணியால் ஒற்றினாள்.

"சிரிக்காதீங்க. தையல் பிரிஞ்சிரும்."

பிறகு தம்பியின் முழங்கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிவந்தாள். வெளி நடையில் யாரோ வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"படகுல கேட்டேன்."

"ஆமாக்கா."

"சொல்லிட்டேன்னு சொன்ன."

"சொல்லத்தான்கா இருந்தேன். அவர்தான் பேச விடாம..."

"அந்த ஆளுக்கு வாய் கெட்ட வாய். உனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். எனக்குத் தினமும். நான் என்ன, சோத்துல எதையாவது கலந்தா வச்சேன்?"

ரகுபதி குனிந்து செருப்பை மாட்டினான்.

"காலையில அவருக்குப் பல்லு வெளக்கி விடணும். வெளிய போனா நான்தான் கழுவணும். நீ ஜெயிச்சதுக்கு நான் கழுவுறேன்டா."

"அக்கா, அவர் நம்பக்கூட இல்ல."

"நான் நம்புறேன்," என்றாள். "முழுசா நம்புறேன். நீதான் செஞ்ச."

உள்ளேயிருந்து ராமலிங்கத்தின் குரல் வந்தது. சிரிப்பு இன்னும் அதில் மீதமிருந்தது.

"லீலா! பீங்கான் பல்லு கோவிச்சுக்கிட்டுப் போயிடப் போறான். காப்பி போட்டுக் குடுத்து அனுப்பு!"

லீலா அவனை வெளியே விட்டு, இரும்புக் கதவை இழுத்துச் சாத்திச் சாவியைத் திருப்பினாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்தபடியே உள்ளே குரல் கொடுத்தாள்.

"அவன் அப்பவே போயிட்டான்."